ஒளித்து வைத்த விதிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

தோற்பது எனக்குப் புதிதல்ல. எதனால் தோற்றேன் என்றே தெரியாமல் தோற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் ஆடும் இணைய விளையாட்டில் குட்டி விலங்குகளை வளர்த்து, பழக்கி, மற்றவர்களின் குட்டிகளோடு மோதவிட வேண்டும். உதவிப் பக்கத்தைத் திறந்தால், "அன்போடு வளருங்கள், குட்டி வலுப்பெறும்" என்று எழுதியிருக்கிறது. அன்புக்கு அங்கே என்ன அளவு? எத்தனை வேளை தீனி? தோற்றால் எவ்வளவு குறையும்? ஒரு சொல் கிடையாது. சண்டைக்கு நடுவே ஒரு குட்டியைத் திரும்ப அழைத்துக்கொண்டு இன்னொன்றை இறக்கினால், முதல் குட்டிக்கு நம்மீதுள்ள பற்று குறைந்துவிடுகிறது. பற்று குறைந்தால் அது அடுத்த உருவமே எடுக்காது. இதை நடத்துபவர்கள் சொல்லவில்லை. ஆடுகிறவர்கள் தூக்கம் கெட்டுக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். குட்டிக்குத் தொப்பி மாட்டுவது எப்படி என்பதற்கு மட்டும் பக்கம் பக்கமாக விளக்கம்!

என் அக்காள் மகன் சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கிறான். தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. முதல் விடுப்பில் வீட்டுக்கு வந்தவன், காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கைப்பேசியைத் திறந்தான். பள்ளியில் படித்த காலத்திலிருந்து வளர்த்த நெருப்புப் பல்லி, நிலை இறங்கிக் கிடந்தது. பச்சையாக இருந்த வளர்ச்சிப் பட்டையில் பாதி சாம்பல் நிறம். "மாமா, தீனி போடாவிட்டால் நிலை இறங்கும் என்று எங்கேயாவது போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து தேடினோம். எங்கேயும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், "விளையாட்டின் சமநிலையைக் காப்பதற்காக" என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாருக்கும் யாருக்கும் இடையே சமநிலை? முகாமில் துப்பாக்கி தூக்குகிற பையனுக்கும், நாள் முழுவதும் கைப்பேசியும் கையுமாக இருப்பவனுக்கும் இடையேயா?

போதாக்குறைக்கு, நாள் கணக்கெல்லாம் கலிபோர்னியா நேரப்படி. அங்கே நள்ளிரவு என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் மூன்று மணி. அவர்களுடைய குளிர்காலத்தில் நான்கு. குழுச் சண்டை அப்போதுதான் தொடங்குகிறது. வகுப்பில் இருக்கும் பிள்ளையும் வேலையில் இருக்கும் ஆளும் எப்படிக் கலந்துகொள்வார்கள்?

மறைத்தால்தான் சுவாரஸ்யம் என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். 1996இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமானைப் பார்க்கட்டும், அதுவும் குட்டிகளை வளர்த்து மோதவிடும் விளையாட்டுதான். அதில் இன்று ஒவ்வொரு குட்டிக்கும் ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரை ஒரு பிறவி எண். பயிற்சிப் புள்ளி ஒரு திறனுக்கு 252, மொத்தம் 510, அதற்குமேல் ஏறாது. நெருப்புக் குட்டி நெருப்பால் தாக்குவதுபோல, தன் வகையைச் சேர்ந்த தாக்குதல் என்றால் ஒன்றரை மடங்கு அடி. அந்த எண்களும் ஒரு காலத்தில் மறைந்துதான் கிடந்தன. ஆனால் 2013இல் வந்த பதிப்பு பயிற்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையிலேயே காட்டியது. 2016இல் வந்தது, பிறவிக் குறையைப் பயிற்சியால் ஈடுகட்ட வழி கொடுத்தது. சுவாரஸ்யம் செத்தா போய்விட்டது? உலகப் போட்டியே நடக்கிறது. எல்லாரும் ஒரே கணக்கைத் தெரிந்துகொண்டு ஆடுவதால்தான் அங்கே திறமைக்கு மதிப்பு இருக்கிறது.

காசு விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் ஆடும் விளையாட்டில் முட்டை வாங்கினால் எந்தக் குட்டி வர எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று போட்டிருக்கிறார்கள். பெருந்தன்மையால் போடவில்லை. சீனா 2017இல் அதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் தன் செயலிக் கடையில் உள்ள விளையாட்டுகளுக்கும் விதியாக்கியது. தென்கொரியாவில் 2024 மார்ச்சிலிருந்து சட்டமே இருக்கிறது. வேறு வழியில்லாமல் போட்டார்கள். ஆனால் அந்தக் குட்டி எந்தப் பிறவித் தரத்தோடு பொரிக்கும் என்பதற்கு விழுக்காடு இல்லை. வெற்றியும் தோல்வியும் அந்தத் தரத்தில்தான் இருக்கிறது! அரிய குட்டி என்று ஆசைப்பட்டு வாங்கி, மாதக்கணக்கில் தீனி போட்டு, நாற்பதாம் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் தரம் என்னவென்று திரை காட்டும். மட்டம் என்றால் இன்னொரு முட்டை, இன்னும் சில வெள்ளி. பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து இதில் போடுகிறார்கள் என்பது நடத்துபவர்களுக்குத் தெரியாதா?

இவ்வளவுக்கும் மேலே, போன பராமரிப்பின்போது நச்சு வகைத் தாக்குதலின் பலத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிட்டார்கள். அறிவிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று மட்டும் இருந்தது. நச்சுக் குட்டிகளை நம்பிப் படை கட்டியவர்கள் நடுத்தெருவில் நிற்கிறார்கள். கேரம் ஆட்டத்தில் சிவப்புக் காயைப் போட்ட பிறகு, "இன்றுமுதல் சிவப்புக்கு மதிப்பில்லை" என்று சொன்னால், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஆடும் சின்னப் பையன்கள்கூடச் சும்மா விடமாட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் ஆட்டத்தில் இதைச் செய்ய என்ன துணிச்சல்!

பற்று எப்போது ஏறும், எப்போது இறங்கும். தீனி இல்லாமல் எத்தனை நாள் தாங்கும். எந்தத் தரம் எத்தனை விழுக்காடு. இவற்றை அந்த உதவிப் பக்கத்தில் எண்ணால் எழுதுங்கள். மாற்றுவதாக இருந்தால் மாற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். முகாமில் இருப்பவனின் குட்டியை இறங்காமல் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் வையுங்கள். அதுவரை என் அட்டையிலிருந்து ஒரு வெள்ளிகூட உங்களுக்கு வராது.