பாஸ்வேர்டு மாறியது உனக்குத் தெரியும், அதைச் சொல்ல வாய் வராதா?

பாஸ்வேர்டை மாற்று என்று கேட்டது எங்கள் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிளவுட் சேவைக்காரர்கள். கணக்கில் சந்தேகத்துக்கிடமான நடமாட்டம் இருக்கிறதாம், உடனே மாற்ற வேண்டுமாம். சரி, மாற்றினோம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு என்று கேட்டதையெல்லாம் போட்டுத்தான் மாற்றினோம். அதற்கப்புறம் எங்கள் அலுவலகக் கணினிகளில் இருந்த கிளவுட் ஃபோல்டர், அதாவது கோப்புகளை இணையத்தில் இருக்கும் அவர்களுடைய சர்வருக்குத் தானாக ஏற்றி இறக்கும் ஃபோல்டர், ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை நிறுத்திவிட்டது. ஃபோல்டர் எப்போதும்போலத் திறக்கிறது. கோப்பைப் போட்டால் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் மேலே எதுவும் ஏறவில்லை, மேலிருந்து எதுவும் இறங்கவும் இல்லை. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மறைந்து கிடக்கும் குட்டி ஐகானில் ஒரு பொட்டளவு அடையாளம் மாறியிருக்கிறது. அதுதான் அவர்கள் நமக்குக் கொடுக்கும் தகவல்!

திருப்பூரில் வரிக் கணக்கு பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. பனியன் கம்பெனிகள், தையல் யூனிட்டுகள், சாயப்பட்டறைகள் எல்லாம் பில்களைப் போனில் படம் எடுத்து, நாங்கள் கொடுத்த லிங்க்கில் ஏற்றிவிடுவார்கள். ஜிஎஸ்டியை மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, வரி கட்டும் படிவமான 3பி 20ஆம் தேதி. தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. எங்கள் கோப்பு சர்வரிலிருந்து இறங்கவில்லை என்று ஜிஎஸ்டி போர்ட்டலிடம் போய்ச் சொல்ல முடியாது.

ஃபோல்டர் செத்துக் கிடப்பது தெரியாததால் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் பையன் ஒருவன் யூனிட்டுக்குப் போன் போட்டு, “பில்லு இன்னும் வரலீங்ணா” என்கிறான். அங்கிருந்து, “அப்பவே போட்டுட்டமுங்களே தம்பி, உங்க பக்கம் நல்லாப் பாருங்க” என்று பதில். இவன் ஃபோல்டரைப் பார்க்கிறான், பழைய பில்கள்தான் இருக்கின்றன. அவர் தன் போனைப் பார்க்கிறார், ஏறிவிட்டது என்று பச்சை டிக் காட்டுகிறது. இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல். வருடக்கணக்காக நம்பி வரும் மனிதர், “நீங்க தேடாமயே இல்லைன்னு சொல்றீங்க” என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. எங்கோ இருக்கும் ஒரு மென்பொருள் வாயை மூடிக்கொண்டதற்கு இங்கே இரண்டு மனிதர்கள் ஏன் முகம் சுளித்துக்கொள்ள வேண்டும்?

இதைவிட ஆத்திரம் வருவது அந்த அறிவிப்பைப் படிக்கும்போதுதான். ஐகானைத் தேடிப்பிடித்துத் திறந்தால், “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்” என்கிறது. இது பச்சைப் பொய். சிறிது நேரம் இல்லை, ஒரு வருடம் கழித்து முயன்றாலும் அது தானாகச் சரியாகப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் முதன்முதலில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும்போது, அந்தச் செயலி பாஸ்வேர்டை வைத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக சர்வர் அதனிடம் டோக்கன்களை, அதாவது அனுமதிச் சீட்டு மாதிரியான குறிகளைக் கொடுக்கிறது. ஒன்று குறைந்த நேரம் செல்லுபடியாவது, பெரும்பாலும் ஒரு மணி நேரம்போல. இன்னொன்று நீண்ட நாள் டோக்கன், முதலாவது காலாவதியாகும்போதெல்லாம் இதைக் காட்டிப் புதியது வாங்கிக்கொள்ளும். பாஸ்வேர்டை மாற்றியதும் பல சேவைகள் அந்த நீண்ட நாள் டோக்கனை ரத்து செய்துவிடுகின்றன. அது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. திருடன் கையில் பழைய டோக்கன் இருந்தால் அது செல்லக் கூடாது. மாற்றிய உடனே எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றி, கொஞ்ச நேரம் கழித்துப் படுத்துக்கொள்வதும் இதனால்தான். கையில் இருக்கும் குறுகிய கால டோக்கன் தீரும்வரை வண்டி ஓடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பழைய டோக்கனைக் கொண்டுபோய்ச் செயலி நீட்டும்போது சர்வர் மௌனமாக இருப்பதில்லை. இந்த முறைக்கு அடிப்படையான ஓஆத் 2.0 விதிமுறை 2012இல் வெளியானது. அதிலேயே இதற்கென்று ஒரு பதில் குறியீடு இருக்கிறது: ‘இன்வேலிட் கிராண்ட்’. உன் டோக்கன் செல்லாது, காலாவதியாகிவிட்டது அல்லது ரத்தாகிவிட்டது என்று அர்த்தம். மூன்றில் எதுவாக இருந்தாலும் தீர்வு ஒன்றுதான், பயனர் மறுபடியும் சைன் இன் செய்ய வேண்டும். அதாவது செயலிக்குக் காரணம் தெரியும். தீர்வும் தெரியும். தெரிந்துகொண்டே “ஏதோ தவறு” என்கிறது. “நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம், மறுபடி சைன் இன் செய்யுங்கள், அதுவரை எதுவும் பதிவேறாது” என்று எழுதுவதற்கு என்ன கேடு? மாதாமாதம் காசு வாங்குகிற நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுத ஆள் இல்லையா?

சரி, நாமே புரிந்துகொண்டு மறுபடி சைன் இன் செய்யப் போனால் அங்கே அடுத்த கூத்து. புதிய பாஸ்வேர்டு போட்டாயிற்று, ஓடிபி போட்டாயிற்று, ஜன்னல் ஒரு நொடி வெள்ளையாகி மறுபடியும் அதே சைன் இன் பக்கம். திரும்பப் போட்டால் திரும்ப அதே. பாஸ்வேர்டு தவறு என்றும் சொல்லாது, சரி என்றும் சொல்லாது. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு நன்றாக வேலை செய்கிறது! பலமுறை போட்டுப் பார்த்தால் கணக்கையே தற்காலிகமாகப் பூட்டிவிடுகிறார்கள். பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பழைய போனோ மெயில் ஆப்போ பின்னால் இருந்து விடாமல் முட்டிக்கொண்டிருந்தாலும் பூட்டு விழும். அந்தப் போன் எது என்று நாம்தான் துப்புத் துலக்க வேண்டும்.

உதவி கேட்டால் அரட்டைப் பெட்டியில் ஒரு இயந்திரம் வந்து, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்கிறது. யாரும் தயவுசெய்து அதை எடுத்தவுடன் செய்யாதீர்கள். செயலியை நீக்கினாலும் கணினியில் சேமித்து வைக்கப்பட்ட பழைய சைன் இன் விவரம் அப்படியே உட்கார்ந்திருக்கக்கூடும், நிறுவிய பிறகு அதே சுழற்சிதான். அதைவிட மோசம், மேலே ஏறாத கோப்புகள் உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கின்றன. இதைப் பற்றி அந்த இயந்திரம் ஒரு சொல் எச்சரிக்கவில்லை.

நாங்கள் பட்டுத் தேறிய வழியைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது இந்த நொடியில் தேவைப்படலாம். முதலில் பாஸ்வேர்டு மாற்றிய நாளிலிருந்து திருத்திய கோப்புகளையெல்லாம் தேதி வாரியாக எடுத்து, கிளவுட் ஃபோல்டருக்கு வெளியே வேறு இடத்தில் நகல் வையுங்கள். மேகப் படம் மட்டும் போட்டிருக்கும் கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை, பெயர்தான் இருக்கிறது, அவற்றைப் பிரவுசர் வழியாக இறக்கிக்கொள்ளலாம். பிரவுசரில் புதிய பாஸ்வேர்டு போட்டு உள்ளே போக முடிகிறதா, கணக்கு பூட்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியின் தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் சைன் இன் செய்யவே முடியாமல் போகலாம். சைன் இன் செய்ய ரகசிய எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்கள் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை அதை மாற்றுவதால், போனின் கடிகாரம் தவறினாலும் அந்த எண் செல்லாது.

அதற்குப் பிறகுதான் செயலியின் செட்டிங்ஸில் போய் இந்தக் கணினியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, சைன் இன் விவரங்களைக் கணினி சேமித்து வைக்கும் இடம் அது. அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் அந்தச் சேவையின் பெயரோடு கிடக்கும் பழைய பதிவுகளை நீக்குங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். மேக் என்றால் இதே வேலையை அதன் பாஸ்வேர்டு பெட்டகமான கீசெயினில் செய்ய வேண்டும். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து சைன் இன் செய்தபோது எங்களுக்கு உயிர் வந்தது. பழைய ஃபோல்டரையே பயன்படுத்தட்டுமா என்று கேட்கும்போது ஆமாம் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டாவது ஃபோல்டர் ஒன்று முளைத்துக் குழப்பம் தொடங்கும்.

ஒரு கேள்வி. சாயப்பட்டறை வைத்திருப்பவரோ, பாத்திரக்கடைக்காரரோ, பேரப்பிள்ளைகளின் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு பாட்டியோ கிரெடென்ஷியல் மேனேஜரை எங்கே போய்த் தேடுவார்கள்? படங்களெல்லாம் பத்திரமாக மேலே போய்க்கொண்டிருக்கின்றன என்று நம்பி, அந்தப் பாட்டி போனைத் தொலைக்கும் நாளில்தான் மாதக்கணக்கில் ஒன்றுமே ஏறவில்லை என்பது தெரியவரும். அன்றைக்கு யார் பதில் சொல்வார்கள்?

இதில் காரணமே இல்லாமல் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் அலுவலகங்கள் வேறு. கணக்கு பறிபோனதற்கு அறிகுறி இல்லாமல், சும்மா கால இடைவெளி வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017லேயே எழுதிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் 2019இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து பாஸ்வேர்டு காலாவதி விதியை எடுத்துவிட்டது. இங்கே இன்னும் பல ஐடி பிரிவுகள் அதைப் பிடித்துத் தொங்குகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் எத்தனை கணினிகளில் எத்தனை ஃபோல்டர்கள் சத்தமில்லாமல் நின்றுபோகின்றன என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றும் அந்தப் பக்கத்திலேயே, “இன்னின்ன கணினிகளிலும் போன்களிலும் மறுபடி சைன் இன் செய்ய வேண்டும்” என்று பட்டியல் கொடுங்கள். எந்தெந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்பது உங்கள் சர்வரிலேயே இருக்கிறது. பதிவேற்றம் நின்றால் ஃபோல்டருக்கு உள்ளேயே, கோப்பைப் போடும் இடத்திலேயே சிவப்பில் எழுதுங்கள். எத்தனை கோப்புகள் ஏறாமல் நிற்கின்றன, எந்தத் தேதியிலிருந்து நிற்கின்றன என்று காட்டுங்கள். சேமிப்பிடம் தீரப்போகிறது, கூடுதல் இடம் வாங்குங்கள் என்று சொல்ல மட்டும் திரை முழுக்க அறிவிப்பு போடத் தெரிகிறதே, அதே இடத்தில் இதையும் போடுங்கள்.