பாயின்ட் அடித்தால் மட்டும் போதுமா?
பாஸ்கெட்பால் அணியில் மரியாதை வேண்டுமென்றால் நிறைய பாயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்கள்; அது பாதிதான் சரி. எங்கள் பகுதி மைதானத்தில் 14 வயதுப் பையன்கள் ஆடுவதைப் பார்க்கிறேன். இருபது பாயின்ட் அடித்துவிட்டு, பாஸைத் தவறவிட்டவனை முறைக்கிற பையனுக்கு யாரும் விரும்பிப் பந்து கொடுப்பதில்லை. ஷாட் போனதும் எதிராளியை முதுகால் மறித்து ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, இடம் பிடிப்பவன், பந்தைப் பறிகொடுத்தாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் உடனே டிஃபென்ஸுக்கு ஓடுபவன், இவர்களைத்தான் அணி பிரிக்கும்போது முதலில் கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஆடிய பில் ரஸ்ஸல், அந்நாட்டின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவில் 13 சீசனில் 11 பட்டம் வென்றவர். அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 15 பாயின்ட்தான். அப்புறம், கேலரியிலிருந்து "நீயே ஷூட் பண்ணுடா" என்று கத்தும் அப்பாக்களே, பயிற்சியாளர் சொல்வது பையன் காதில் விழ வேண்டாமா?