எட்டுதான் மாமா

(வாஷிங்டன் மாநிலம், கோல்சக் ஏரிக்குப் போற பாதை. மாமனார் ஒரு மரத்த பிடிச்சுட்டு நிக்கறார்.)

மாமா: மாப்பிள்ளை, எட்டுன்னு சொன்னீங்களே, அது என்ன எட்டு?

மாப்பிள்ளை: 8 மைல் மாமா. போக வர சேர்த்து.

மாமா: மைலா! நான் கிலோமீட்டர்னு நினைச்சுல்ல தலையாட்டினேன்.

மாப்பிள்ளை: கிலோமீட்டர்ல 13 வரும். ஆனா ஈஸிதான்.

மாமா: ஈஸின்னு சொன்னது உங்க காலு, எங்காலை யாரு கேட்டா? பார்க்கிங் ஃபுல்லுன்னு வண்டிய ஒரு மைல் கீழயே ரோட்டோரமா போட்டுட்டு நடந்தோமே, அது எந்தக் கணக்கு?

மாப்பிள்ளை: அது வார்ம்அப்.

மாமா: சரி, ஏத்தம் எவ்ளோ?

மாப்பிள்ளை: 2,300 அடிதான்.

மாமா: தானா? பத்தடிக்கு ஒரு மாடின்னு வச்சாலும் 230 மாடி. லிஃப்ட் வேலை செய்யலைன்னா மூணாவது மாடிக்கே போன் போட்டு சண்டை புடிக்கற ஆளு நீங்க.

(மரப்பாலம், அது தாண்டி ஆளுயரப் பாறைங்க. மாமா நாலு காலுல ஏறறார். எதிர்ல இறங்கி வர்ற பையன் சிரிச்சுட்டே "ஆல்மோஸ்ட் தேர்!"ங்கறான்.)

மாப்பிள்ளை: பாத்தீங்களா, இன்னும் பத்து நிமிஷம்.

மாமா: முக்கா மணி நேரம் முன்னாடி செவப்புத் தொப்பிக்காரன் இதையேதான் சொன்னான். இறங்கி வர்றவன் ஒருத்தன்கூட உண்மை பேச மாட்டானா?

(ஒரு வழியா ஏரி. பச்சையும் நீலமும் கலந்த தண்ணி, அதுக்கு மேல ஈட்டி ஈட்டியா பாறை.)

மாப்பிள்ளை: அதுதான் டிராகன்டெயில் சிகரம், 8,840 அடி. பனிப்பாறை நகரும்போது கல்ல மாவா அரைச்சிடும், அந்த மாவு தண்ணில மிதக்கறதாலதான் இந்தக் கலர். அப்படியே நில்லுங்க மாமா, ஒரு போட்டோ... கொஞ்சம் சிரிங்க.

மாமா: மொதல்ல மூச்சு வரட்டும். அந்த சரிவுல எறும்பு மாதிரி ஊர்றாங்களே, யாரு?

மாப்பிள்ளை: ஆஸ்கார்ட் பாஸ் மாமா.

மாமா: அஞ்சு டாலர் குடுத்து வண்டிக் கண்ணாடில மாட்டினோமே, அந்தப் பாஸா? அத வச்சு அங்கயும் போகலாமா?

மாப்பிள்ளை: ஐயோ, இது கணவாய். ஒரு மைல்கூட இல்ல, அதுக்குள்ள 2,200 அடி ஏத்தம்.

மாமா: அதுவும் ஈஸிதானா?

(மாமா புதர்ப் பக்கம் ஒதுங்கிட்டு வர்றார். பின்னாடியே வெள்ளையா ஒரு மலை ஆடு.)

மாமா: பாருங்க, வாயில்லா ஜீவன், என்ன பாசம்!

மாப்பிள்ளை: பாசம் இல்ல மாமா, உப்பு. மனுஷங்க ஒண்ணுக்குப் போன எடத்த நக்கறதுக்காகவே பின்னாடி வரும்.

மாமா: எனக்கு சுகருல்ல இருக்கு, பாவம் ஏமாந்துடும்.

(இறங்கும்போது கீழ்ப்பாதைல கைக்குழந்தையோட ஒரு அம்மா, "இஸ் இட் ஃபார்?"னு கேக்கறாங்க. மாப்பிள்ளை வாயத் திறக்கறதுக்குள்ள...)

மாமா: டூ அவர்ஸ், மேடம். பிக் பிக் ஸ்டோன்ஸ்.

(அந்தம்மா தேங்க்ஸ் சொல்லிட்டு வந்த வழியே திரும்பிட்டாங்க.)

மாப்பிள்ளை: ஏன் மாமா, பயமுறுத்தி அனுப்பிட்டீங்களே!

மாமா: பார்க்கிங்ல ஒரு எடம் காலியாகும்ல.