ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களுக்கு

இதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும், வராதவர்களும் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். "இனிப் பெரும்பான்மையும் இல்லை, சிறுபான்மையும் இல்லை, எல்லோரும் இலங்கையர். ஆளுக்கொரு வாக்கு இருக்கும்போது அதிகாரப் பகிர்வு எதற்கு?" என்று பேச்சாளர் கேட்டார். அவர் கேட்டதில்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. மண்டபம் கைதட்டியது. யாழ்ப்பாணத்து மண்டபம். முன்வரிசையில் இருந்த நம்மவர்கள் எல்லோருக்கும் முன்னால் தட்டினார்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இந்தப் பேச்சு புதிதா? 2009 மே 19 அன்று அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில் நின்று, சிறுபான்மை என்ற சொல்லையே நாங்கள் அகராதியிலிருந்து எடுத்துவிட்டோம் என்றார். அன்று அதைக் கேட்டு நமக்கு வயிறு எரிந்தது. இன்று அதே பேச்சுக்குக் கைதட்டுகிறோம்.

ஆளுக்கொரு வாக்கு என்பதை நான் எதிர்க்கவில்லை. பாராளுமன்றத்தில் 225 பேர். வட மாகாணத்துக்கு யாழ்ப்பாணம் 6, வன்னி 6, மொத்தம் 12. சனத்தொகையில் நாலில் மூன்று பங்கு சிங்களவர். தேர்தலில் தோற்கும் கட்சி ஐந்து வருடத்தில் திரும்பி வந்து வெல்லலாம், ஆனால் தமிழ் பேசுகிறவன் எத்தனை தேர்தல் காத்திருந்தால் பெரும்பான்மை ஆவான்? சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற 1956 தனிச் சிங்களச் சட்டம் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. தமிழருக்கு ஓரளவு அதிகாரம் தருவதாகப் பிரதமர் பண்டாரநாயக்க தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த 1957 பண்டா–செல்வா ஒப்பந்தத்தை மறு வருடமே கிழித்ததும் பெரும்பான்மையின் எதிர்ப்புக்குப் பணிந்துதான். தலையை எண்ணி முடிவெடுத்தால் எண்ணிக்கை குறைந்தவன் எல்லா முறையும் தோற்பான். எல்லா முறையும். இதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

2011 இல் எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணீர் இறைக்கும் மோட்டார் களவு போனது. அப்பாவும் நானும் பொலிஸுக்குப் போனோம். அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்து எழுந்து கதிரை தந்தார். அரைகுறைத் தமிழில் கேட்டுக் கேட்டு முறைப்பாட்டை எழுதினார், சிங்களத்தில். பிறகு கையெழுத்து வைக்கச் சொன்னார். அப்பா 34 வருடம் தமிழ் படிப்பித்தவர். வாசித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதே என்று எனக்குச் சொல்லித் தந்தவர். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. கையெழுத்து வைத்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டார் கிடைக்கவில்லை, அது போகட்டும்.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987 இல். மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்று எழுதியதும் அதே திருத்தம்தான். 24 வருடம் கழித்து என் அப்பா தனக்குத் தெரியாத மொழியில் தன் முறைப்பாட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தார். பொலிஸ், காணி அதிகாரங்கள் இன்றும் வரவில்லை.

இப்போது நல்லவர்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்களே என்பீர்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாணமே தேசிய மக்கள் சக்திக்கு 3 ஆசனம் கொடுத்ததே என்பீர்கள். நானும் அவர்களுக்குத்தான் வாக்களித்தேன். நம் கட்சிகளின் சண்டையைப் பார்த்துச் சலித்துப்போய் வாக்களித்தேன். அந்த வாக்கில் "எனக்கு அதிகாரம் வேண்டாம்" என்று நான் எழுதவில்லை. எனக்காக நீங்கள் அதை எழுதாதீர்கள். அப்புறம், அப்பாவுக்குக் கதிரை தந்த பொலிஸ்காரரும் நல்லவர்தான்.

மாகாண சபை வெள்ளை யானை என்று அந்த மண்டபத்திலேயே ஒருவர் சொன்னார். 2013 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனத்தில் 30 ஐ வென்ற வட மாகாண சபை தனக்குள் சண்டை போட்டே காலத்தைப் போக்கியது, உண்மை, எனக்கும் அதில் வெட்கம் உண்டு. ஆனால் மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆளுநர் பரிந்துரைக்காமல் நிதி நியதிச்சட்டம், அதாவது பணம் சம்பந்தப்பட்ட மாகாணச் சட்டம், ஒன்றைச் சபைக்குக் கொண்டுவரவே முடியாது. காலைக் கட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கலாமா? 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலமும் முடிந்தது. அடுத்த தேர்தலுக்குத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அந்த வருடம் பாராளுமன்றத்தில் வாக்குக்கு விட்டபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை, எதிராக 139. 2018 இலிருந்து தேர்தலே இல்லாமல் ஆளுநர் ஆட்சி நடக்கிறது. ஆளுக்கொரு வாக்கு என்று முழங்குகிறவர்களுக்கு இந்த வாக்கு கணக்கில் இல்லையா?

அதிகாரத்தைப் பங்கு போட்டால் என்ன ஆகும் என்று லெபனானைப் பார் என்பார்கள். பார்த்தேன். 1943 இல் பாராளுமன்ற ஆசனங்களைக் கிறித்தவருக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்ற விகிதத்தில் பங்கு போட்டார்கள், 1975 இல் போர் வெடித்தது, 1989 இல் சரிபாதி ஆக்கினார்கள், இன்றும் நிம்மதி இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் வட அயர்லாந்தையும் பார்க்க வேண்டும். புராட்டஸ்தாந்தினரும் கத்தோலிக்கரும் சண்டை போட்டு முடித்துச் செய்த 1998 ஒப்பந்தத்தின்படி முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் சம அதிகாரம், ஒருவர் பதவி விலகினால் மற்றவராலும் இருக்க முடியாது. அந்தச் சபையும் பலமுறை முடங்கியது, 2017 முதல் மூன்று வருடம், 2022 முதல் இரண்டு வருடம். ஆனால் பழையபடி போருக்குப் போகவில்லை. புராட்டஸ்தாந்தினருக்குப் பெரும்பான்மை இருக்கும்படி எல்லை போட்ட நாட்டில் 2024 பெப்ரவரியில் மிஷெல் ஓ நீல் முதலமைச்சர் ஆனார், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்று கேட்கும் கட்சியிலிருந்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிடிக்காது. 1990 ஒக்டோபரில் எனக்கு 11 வயது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருக்காரன். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேறப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். மறுநாள் அவன் வாங்கு வெறுமையாக இருந்தது. ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வடக்கில் நாங்கள்தான் பெரும்பான்மை. கொழும்பிடம் பங்கு கேட்கிற நாங்கள் அவனுக்கு என்ன பங்கு வைத்திருக்கிறோம் என்று எந்தக் கூட்டத்திலும் பேசுவதில்லை. இதைச் சொன்னால் துரோகி என்று கீழே எழுதுவீர்கள், எழுதுங்கள். பங்கு என்றால் எல்லோருக்கும்தான்.

கைதட்டியவர்களில் மூன்று பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களை நான் நீக்கப்போவதில்லை, உங்கள் வீட்டுக் கலியாணங்களில் சாப்பிட்டவன் நான். பேச்சாளரின் எண் உங்களிடம் இருக்கும். மாகாண சபைத் தேர்தல் எந்த மாதம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.