கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மஞ்சள் இங்க் எதுக்குங்க?

"மஞ்சள் கார்ட்ரிட்ஜை மாற்றவும்." இதான் இப்ப என் பிரிண்டர் ஸ்கிரீன்ல நிக்குது. நான் அடிக்கக் கொடுத்திருக்கறது ஒரு வயசான அம்மாவோட முகம். நரைச்ச தலைமுடி, நெத்திச் சுருக்கம், அவ்வளவுதான். முழுக்க கறுப்பு வெள்ளை. மெஷினுக்குள்ள ஃபோட்டோ பிளாக் இருக்கு, கிரே இருக்கு, லைட் கிரே இருக்கு. மூணும் பாதிக்கு மேல கிடக்கு. ஆனா மஞ்சள் தீர்ந்துபோச்சாம், அதனால ஒரு கோடு கூட அடிக்க மாட்டேங்குது. வயிறு எரியுது.

கிரே இங்க் போட்ட பிரிண்டரை ஒருத்தன் எதுக்கு வாங்கறான்? கலர் தொல்லை வேண்டாம்னுதானே! சாதா இங்க்ஜெட்ல இருக்கறது ஒரே ஒரு கறுப்பு. அதை வச்சு கன்னத்துல விழற மெல்லிசான சாம்பல் நிறத்தைக் கொண்டுவரணும்னா புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கணும். முகம் மணல் தூவின மாதிரி ஆயிடும். அதை மறைக்க சியான்ங்கற வெளிர் நீலம், மெஜந்தாங்கற ஊதாச் சிவப்பு, மஞ்சள் மூணையும் கலந்து சாம்பல் பண்ணுவாங்க. அந்தக் கலவை ஒரு வெளிச்சத்துல நிக்கற மாதிரி இன்னொரு வெளிச்சத்துல நிக்காது. ஜன்னலோரம் வச்சுப் பார்த்தா சரியா இருக்கும், ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனா பச்சை அடிக்கும். இன்னொரு பேப்பர்ல அடிச்சா ரோஸ் அடிக்கும். இதுக்கு மருந்தாத்தான் கறுப்பையே நீர்த்து, அடர்த்தி வேற வேறயா இங்க் கொண்டுவந்தாங்க. 2005 வாக்குலயே மூணு அடர்த்தி கறுப்போட பிரிண்டர் வந்தாச்சு. நல்ல யோசனை, கைதட்டி வரவேற்கறேன். ஆனா அதை முழுசா நம்ம கையில கொடுக்க இவங்களுக்கு மனசு வரலையே!

டிரைவரை, அதாவது பிரிண்டரை ஓட்டற கம்பெனி சாஃப்ட்வேரை, அப்படியே விட்டு சாதாரண கலர் மோட்ல ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அடிச்சுட்டு, லென்ஸ் வச்சுப் பாருங்க. நான் பார்த்தேன். நடுத்தர சாம்பல் இருக்கற இடத்துல சியான் புள்ளி, மெஜந்தா புள்ளி, ஊடால மஞ்சள். கிரே இங்க் பக்கத்துலயே இருக்கும்போதே இந்தக் கூத்து. கறுப்பு வெள்ளைக்குன்னு இருக்கற மோடைத் தேடிப் பிடிச்சுப் போட்டாதான் கிரே இங்க் முன்னுக்கு வருது. அதுலயும் கொஞ்சம் கலர் கலக்கும். காரணம் இருக்கு. கார்பன் நிறமியை நீர்க்க நீர்க்க பழுப்பு தட்டும், அதை நடுநிலைக்கு இழுக்க சியானும் மெஜந்தாவும் துளி வேணும். ஒத்துக்கறேன். ஆனா பழுப்பு தட்டின படமே எனக்குப் போதும்னு நான் சொன்னா? அந்த முகத்துக்கு அந்த வெதுவெதுப்பான கறுப்புதான் அழகுன்னு நான் முடிவு பண்ணினா? கலரைத் தொடாம அப்படியே அடின்னு சொல்றதுக்கு ஒரு பட்டன் கிடையாது.

கேட்டா, இங்க் இல்லாம ஹெட், அதாவது இங்கைத் தெளிக்கற பாகம், ஓடினா காத்து புகுந்துடும், ஹெட் போயிடும்னு பதில் வருது. ஹெட் காயக்கூடாதுங்கறதுல எனக்கும் அக்கறை இருக்கு. அதுக்காகத்தானே "தீர்ந்தது"ன்னு சொல்லும்போதே கார்ட்ரிட்ஜ் அடியில கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கீங்க? அந்த மிச்சம் இருக்கற வரைக்கும் மஞ்சளைத் தொடாம கிரேயில மட்டும் அடின்னு மெஷினுக்குச் சொல்ல முடியாதா?

சரி, அந்த மஞ்சள் எங்கதான் போச்சு? படத்துக்குப் போகல. ஹெட் கிளீனிங்குக்குப் போச்சு. ஹெட்ல லைட் கிரே வர்ற துளை ரெண்டு அடைச்சா என் பிரிண்டர் எல்லா கலரையும் சேர்த்தே உறிஞ்சித் துப்புது. தனியா ஒண்ணை மட்டும் கிளீன் பண்ண அதுல வழியே இல்ல. அந்த அடைப்பைக் கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. நாசில் செக், அதாவது எல்லாத் துளையும் வேலை செய்யுதான்னு பார்க்கற சோதனைக் கோடு, அடிச்சா வெள்ளைப் பேப்பர்ல லைட் கிரே கோடு மூச்சு விட்ட தடம் மாதிரி விழும். விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பிடிச்சு, கண்ணு வலிக்க வலிக்க விட்டுப்போன கோட்டைத் தேடணும். தேடாம விட்டா அந்தம்மா நெத்தியில வரிவரியா விழுந்துடும், ஒரு நல்ல பேப்பர் வீணாகும். துப்பின இங்க் எல்லாம் மெயின்டனன்ஸ் பாக்ஸுல போய்ச் சேரும். அது நிறைஞ்சா அதுக்கும் ஒரு மெசேஜ், அதுக்கும் மெஷின் நிக்கும். காசு கொடுத்து வாங்கின இங்கை வடிச்சுவிட இன்னொரு டப்பாவுக்கும் நாமதான் காசு கொடுக்கணும்.

வெளியில இருந்து வழி கண்டுபிடிச்சவங்க இருக்காங்க, அவங்களுக்குக் கோடி நன்றி. ராய் ஹாரிங்டன் எழுதின குவாட்டோன்ரிப்ங்கற சாஃப்ட்வேர், கம்பெனி டிரைவரை ஒதுக்கிட்டு எந்த இங்க் எவ்வளவு விழணும்னு நம்மகிட்டயே விடுது. ஜான் கோனோட பியசோகிராஃபிங்கற கறுப்பு வெள்ளை இங்க் முறையில கலர் இங்கையே தூக்கிட்டு ஏழு அடர்த்தி வரைக்கும் கறுப்பையே ஊத்தறாங்க. தனி ஆளுங்களும் சின்னக் குழுவும் செஞ்சு காட்டினதை, பிரிண்டரையே தயாரிக்கறவங்க செய்ய மாட்டேங்கறாங்களே, அதான் ஆத்திரம். இந்த வழியெல்லாம் எல்லா மாடலுக்கும் ஒத்துவராது. இங்கையே மாத்திட்டா அந்த மெஷின்ல கலர் படத்தை மறந்துட வேண்டியதுதான். குவாட்டோன்ரிப்புல மஞ்சளை நீங்க சுத்தமா ஒதுக்கினாலும், கார்ட்ரிட்ஜ் சிப் "காலி"ன்னு சொல்லிட்டா மெஷின் நகராது.

எல்லாத்தையும் விடக் கடுப்பு எது தெரியுமா? சாதாரண ஆபீஸ், வீட்டு பிரிண்டர் சிலதுல கலர் தீர்ந்துபோனாலும் கொஞ்ச நாள் கறுப்புல மட்டும் ஓட்டிக்க வழி வச்சிருக்காங்க. சாதாப் பேப்பர்ல ரெண்டு பக்க லெட்டர் அடிக்கறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்காகவே மூணு கறுப்பு வச்ச மெஷினை வாங்கினவனுக்குக் கிடையாது. அதே வழியை இதுலயும் போடுங்க. கிரே இங்க் இருக்கற வரைக்கும் கிரேயில அடிக்க விடுங்க.