ரவுடிக்குப் பயம் வரணும்

எனக்கு ரவுடிப் படங்கள் பிடிக்கும். இதைக் கெட்ட பழக்கத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. "எப்பப் பார்த்தாலும் வெட்டு குத்து, இதுல என்னத்தைக் கண்ட?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சீரியலில் மருமகளுக்குப் பாலில் விஷம் கலப்பதை நிம்மதியாகப் பார்ப்பார்கள். சரி, அது வேறு கதை.

ஒரு ரவுடிப் படம் தேறுமா தேறாதா என்று பார்க்க நான் கேட்பது ஒன்றுதான்: கத்தி எடுத்தவன் பயப்படுகிறானா? ஆமாம் என்றால் அந்தப் படத்தைப் பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். இல்லை என்றால் அது அந்த வாரத்துக் கொண்டாட்டம், அவ்வளவுதான்.

'புதுப்பேட்டை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வந்தபோது இத்தனை கொண்டாட்டம் இல்லை. இன்றைக்கு அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். ஸ்டேட்டஸில் கொக்கி குமார் முறைக்கிறான், கத்துகிறான், பின்னணியில் யுவன். ஆனால் படத்தில் அவன் யார்? அம்மாவின் பிணத்தைப் பார்த்து வீட்டை விட்டு ஓடிவந்து, தெருவில் பிச்சையெடுத்த பையன். எதிர்க்கோஷ்டியிடம் தனியாக மாட்டிக்கொண்டு அடி வாங்குகிறான், வாங்குகிறான், வாங்கிக்கொண்டே இருக்கிறான். செத்துவிடுவோம் என்ற பயத்தில் கை கால் உதறித்தான் திருப்பி அடிக்கிறான். அதில் ஒருவன் செத்தும் போகிறான். குமாருக்குப் பெயர் கிடைப்பது அந்த உதறலில்தான். வீரம் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. தனுஷின் அந்த ஒல்லி உடம்பு இல்லாவிட்டால் காட்சியே நிற்காது. நெஞ்சை நிமிர்த்திய வேறொரு நடிகர் செய்திருந்தால் விசிலடித்துவிட்டு மறந்திருப்போம்.

படம் தொடங்குவதும் சிறையில் தனியாகக் கிடந்து புலம்புகிற குமாரிடமிருந்துதான். ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் அந்தப் புலம்பலை வெட்டிவிட்டு முறைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

இன்னொரு விஷயம், நிறையப் பேர் கவனிப்பதில்லை. 'நாயகன்' (1987), 'பாட்ஷா' (1995), 'புதுப்பேட்டை' மூன்றிலும் வசனத்தில் இருப்பது பாலகுமாரனின் கை. வேலு நாயக்கருக்குத் தான் நல்லவனா கெட்டவனா என்றே தெரியவில்லை, பேரன் கேட்கும்போது தடுமாறுகிறார். குமாருக்கு அந்தக் கேள்வி கேட்க நேரமே இல்லை, உயிர் பிழைத்தால் போதும். நடுவில் வந்த 'பாட்ஷா' மாணிக்கத்துக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. அவர் சட்டையை மாற்றினால் ஊரே நடுங்கும். அதனால்தான் நான் 'பாட்ஷா'வை ரவுடிப் படக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது சாமி படம். எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன், கும்பிடுவேன். ஆனால் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ரஜினி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்தக் கூட்டம்தான்.

'சுப்ரமணியபுரம்' (2008) பற்றிச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். 1980இல் நடக்கிற கதை. பெல்பாட்டமும் தாடியும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, 'கண்கள் இரண்டால்' ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஞாபகம் இருப்பது அழகர் ஓடுகிற ஓட்டம். அரிவாளோடு துரத்துகிறார்கள், சந்து சந்தாக ஓடுகிறான். அந்த ஓட்டத்தில் அழகே இல்லை. ஜெய் முகத்தில் ஹீரோ இல்லை, மாட்டினால் செத்தோம் என்று தெரிந்த ஒரு பையன்தான் இருக்கிறான். கொஞ்ச நேரம் முன்னால் அவனே இன்னொருவனைக் கொன்றவன் என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ஆட்டோ. அழகரின் நண்பன் பரமன், கனகுவின் கழுத்தை அறுக்கிற காட்சி. நண்பனைக் காட்டிக்கொடுத்துக் கொன்றவனைப் பழிவாங்குகிறான், கைதட்ட வேண்டிய இடம். எந்த மசாலாப் படமாக இருந்தாலும் அங்கே மேளம் அடித்திருப்பார்கள். இங்கே கை எழாது, ஏன்டா வந்து உட்கார்ந்தோம் என்று இருக்கும். சசிகுமார் இயக்கிய முதல் படத்திலேயே இதைச் செய்தார் என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' தொடக்கத்தில் அனுராக் காஷ்யப் பாலாவுக்கும் அமீருக்கும் சசிகுமாருக்கும் நன்றி போட்டது சும்மா இல்லை. அதற்குப் பிறகு மதுரையை வைத்துத் தாடி, லுங்கி, அரிவாள் என்று வரிசைகட்டி வந்த படங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி என் கட்சி. தமிழில் எடுத்த ரவுடிப் படங்களிலேயே உச்சம் 'ஆரண்ய காண்டம்'தான். யாரோடும் இதில் சமாதானம் பேசத் தயாரில்லை. (2011இல் வந்த படம். இன்னும் பார்க்காதவர்கள் கதையைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.)

தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம், எஸ்.பி.பி. சரண் தயாரிப்பு. தணிக்கையில் 52 வெட்டு சொன்னார்கள், அதை எதிர்த்து மேலே போய் 'ஏ' சான்றிதழோடு வெளியே வந்தது. தியேட்டரில் ஓடவில்லை. தேசிய விருது இரண்டு வந்தது, அறிமுக இயக்குநருக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று. ஒரு பாட்டுகூடக் கிடையாது, ஆனால் யுவன் பின்னணி இசையிலேயே ஊரைக் காட்டிவிடுவார்.

இந்தப் படத்தில் பயப்படாதவர் ஒருவர்கூட இல்லை. ஜாக்கி ஷெராஃப் செய்த சிங்கப்பெருமாள்தான் எல்லோரையும் மிரட்டுகிற தாதா. அவருக்கு வயசாகிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை, கூட இருக்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடுமோ என்ற பயம். கையாள் பசுபதி (சம்பத்) அவரைப் பார்த்து 'டொக்கு' ஆகிவிட்டீர்களா, அதாவது எதற்கும் ஆகாதவராகிவிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பிணமும் விழுகிறது. போதைச் சரக்கும் பணமும் சும்மா சாக்கு.

வண்டிக்குள் நடக்கிற அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பசுபதியும் கூட்டாளிகளும் ஒரே வண்டியில் போகிறார்கள். கூட்டாளிக்கு ஃபோன் வருகிறது. பசுபதியைப் போட்டுவிடச் சொல்லி உத்தரவு. ஸ்பீக்கரில் இருப்பதால் வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிறது, பசுபதிக்கும்தான். உடனே சண்டை வந்திருக்க வேண்டும் இல்லையா? வராது. கொல்ல வேண்டியவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, சாக வேண்டியவனுக்கும் தெரியவில்லை. கல்யாண வீட்டில் வாய்தவறி எதையோ உளறிவிட்டு முழிக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு வரும், வயிற்றையும் கலக்கும். சம்பத் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ படங்களில் வில்லனாக வந்திருக்கிறார். இந்தக் காட்சியில் அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கு அவை எதுவும் ஈடு இல்லை.

பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வகைப் படங்களின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. 'புதுப்பேட்டை'யில் குமார் கிருஷ்ணவேணியை நடத்துகிற விதமும், கல்யாணப் பந்தலில் நண்பனின் தங்கை கழுத்தில் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுவதும் இன்றைக்கும் சிலருக்கு 'கெத்து'. அந்தப் படத்தை இயக்கிய செல்வராகவன் அதைக் கெத்தாகக் காட்டவில்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் பார்க்கிறவனுக்கு அது உறைத்ததா என்று கேட்டால் இல்லை. 'ஆரண்ய காண்ட'த்தில் சிங்கப்பெருமாளிடம் சிக்கிக் கிடக்கிற சுப்பு இந்த இடத்தில்தான் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறாள். ஆம்பிளைகள் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்போது, படம் முழுக்க அடி வாங்கிய அவள்தான் கடைசியில் கணக்கு முடித்துவிட்டுப் போகிறாள். 'வடசென்னை' (2018) சந்திராவும் அந்த ஜாதிதான். கணவன் ராஜனைக் கொன்றவர்களில் ஒருவனோடே குடும்பம் நடத்திக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறாளே, அந்தப் படத்தில் எனக்கு உண்மையிலேயே கிலி பிடித்தது அவளைப் பார்த்துதான். ராஜன் கதையை மட்டும் தனிப் படமாக விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ராஜன் எதற்கு, சந்திராவின் கதையை எடுங்கள் என்பேன் நான். மற்றபடி ஜெயிலும் கேரம் போர்டும் இருக்கிற வரைக்கும் 'வடசென்னை' பிரமாதம். தனுஷ் செய்த அன்பு ஊருக்குத் தலைவனாகிப் பேசத் தொடங்கியதும் எனக்குக் கொஞ்சம் இறங்கிவிட்டது. பயம் விட்டுப்போச்சு இல்லையா.

'வடசென்னை' எடுத்த வெற்றிமாறனின் படங்களில் எனக்கு 'விசாரணை'தான் மேலே. ரவுடியே இல்லாத படம். குண்டூரில் பூங்காவில் படுத்துத் தூங்கி வேலைக்குப் போகிற பையன்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்'பிலிருந்து வந்த கதை. அந்த லத்திக்கு முன்னால் நம் சினிமா ரவுடிகளின் அரிவாள் எல்லாம் பொம்மைதான். ஒரு தடவைதான் பார்க்க முடிந்தது. இரண்டாவது தடவைக்குத் தெம்பில்லை.

நான் சொல்கிற இந்தப் பயக் கணக்கை ஒரு படமே எடுத்துக் காட்டிவிட்டது. 'ஜிகர்தண்டா' (2014). அசால்ட் சேதுவைப் பார்த்து மதுரையே நடுங்குகிறது. அவனை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துத் தியேட்டர் சிரிக்கிறது. வெட்டுக்குத்துக்கு அசராதவன் அந்தச் சிரிப்பில் நொறுங்கிப் போகிறான். பாபி சிம்ஹாவுக்கு தேசிய விருது கொடுத்தது ரொம்ப நியாயம். அதில் கார்த்திக் சுப்பராஜ் வைத்த குசும்பு, ரவுடி நடிகனாக மாறுகிறான், டைரக்டர் ரவுடியாக மாறுகிறான்.

இப்போது வருகிற படங்கள்? துப்பாக்கி பெரிதாகிவிட்டது, சாகிறவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது, ஒருவருக்கும் வியர்க்க மாட்டேன் என்கிறது. லோகேஷின் 'கைதி'யைத் தியேட்டரில் ரசித்தேன், 'விக்ரம்' பார்த்துக் கத்தினேன், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் எனக்குப் பிடித்தது இன்னமும் 'மாநகரம்'தான். அதில் புதிதாகக் கடத்தலுக்கு வந்த முனிஷ்காந்தின் திருதிரு முழியில் இருக்கிற உயிர், பீரங்கி வைத்துச் சுட்டாலும் வராது.

'ஆரண்ய காண்டம்' இன்னும் பார்க்காதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், கெட்ட வார்த்தை தாராளமாக இருக்கும். பார்த்துவிட்டு, 'புதுப்பேட்டை'தான் மேலே என்று தோன்றினால் கமெண்டில் வாருங்கள், சண்டை போடலாம்.