அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீக்கிவிடுங்கள்

பர்மா (இன்றைய மியான்மர்) பற்றி ஆய்வு செய்பவர்களை வைத்து நீங்கள் இணையத்தில் நடத்திய கூட்டம், அதன் திரையைப் படம்பிடித்து நீங்கள் முகநூலில் போட்ட ஸ்கிரீன்ஷாட். கட்டம் கட்டமாக முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் முழுப்பெயர், இரண்டு பேருக்கு ஊர்ப்பெயர் வேறு. மேலே கொட்டை எழுத்தில் 'பர்மிய ஆய்வுச் சமூகம் வளர்கிறது'. நீக்கிவிடுங்கள் என்று கேட்டதற்கு உங்களுக்கு நான் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேன். இருக்கட்டும்.

அந்தக் கட்டங்களில் பலர் இன்னும் நாட்டுக்குள் இருப்பவர்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் வேலைக்கு வரமாட்டோம் என்று நின்ற சிடிஎம் (ஒத்துழையாமை இயக்கம்) ஆசிரியர்கள். அந்த மே மாதத்துக்குள்ளேயே 11,000க்கு மேற்பட்ட பல்கலைக்கழக ஊழியர்களை இடைநீக்கம் செய்தார்கள். தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் செருகிய 505ஏ பிரிவில், அச்சம் பரப்பினார், பொய்ச் செய்தி பரப்பினார் என்று சொல்லி மூன்றாண்டு வரை சிறை. அந்த ஆண்டு ஏப்ரலில் அரசுத் தொலைக்காட்சி இரவுதோறும் தேடப்படுவோர் பட்டியல் காட்டியதே, அந்தப் படங்கள் எங்கிருந்து போயின? இதே முகநூலிலிருந்துதான். சோதனைச்சாவடியில் போனை வாங்கித் திறந்து பார்க்கிறார்கள். தேடும் ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பெயரை வெளியே விடாதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்.

'அவர்கள் சம்மதித்துத்தானே வந்தார்கள்?' பேச வரச் சம்மதித்தார்கள். உங்கள் பக்கத்தில் தொங்க அல்ல. 'நிதி கொடுப்பவர்கள் ஆதாரம் கேட்கிறார்களே?' தலை எண்ணிக்கை கொடுங்கள், போதும். 'ஆய்வு என்றால் வெளிப்படையாக இருக்க வேண்டாமா?' சென்னை பர்மா பஜாரில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிட்டதோடு பர்மா முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களிடம் இதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை.

கூட்டம் நடத்தத் தெரியாது என்றால் கேளுங்கள், சொல்கிறோம். பதிவுப் படிவத்தில் போன் எண், நிறுவனம் இரண்டு பத்தியையும் நீக்குங்கள். எல்லாருக்கும் ஒரே இணைப்பை அனுப்பாமல் ஆளுக்கு ஒன்றாக அனுப்புங்கள். காத்திருப்பு அறை வசதியை இயக்கி வையுங்கள். போன் செயலியில் வருபவர் கணக்கில் இருக்கும் பெயரோடுதான் உள்ளே வருவார், அவர் பெயரை மாற்றுவதற்குள் பத்துப்பேர் பார்த்துவிடுவார்கள். அங்கேயே நிறுத்தி, பெயரை மாற்றி, பிறகு உள்ளே விடுங்கள். ஒளிப்பதிவை அணைத்தால் போதாது, அரட்டையைச் சேமிக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். இப்போது புதிதாக ஒரு தொல்லை, குறிப்பெடுக்கும் ஏஐ கருவி. யாரோ ஒருவருடைய கணக்கோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து மொத்தப் பேச்சையும் எங்கோ ஒரு சர்வரில் எழுதி வைக்கும். கண்டவுடன் வெளியேற்றுங்கள். மின்வெட்டும் இணைய முடக்கமும் இருக்கும் ஊரிலிருந்து வீடியோ கேட்காதீர்கள். கட்டுரையை முன்கூட்டியே வாங்கி வேறொருவர் வாசிக்கட்டும். வேர்டு கோப்பில் தலைப்பின் கீழ் 'பெயர் வெளியிடப்படவில்லை' என்று இருக்கும், கோப்பின் பண்புகளைத் திறந்தால் ஆசிரியர் பெயர் பளிச்சென்று நிற்கும். திருத்தக் குறிப்புகளிலும் அப்படியே. அனுப்பும் முன் இரண்டையும் துடைக்க வேண்டும்.

'பெயரையே மறைத்தால் அவர்களுக்கு என்ன லாபம்?' வந்த கேள்விகளில் இது ஒன்றுதான் நியாயமானது. பெயரில்லாத கட்டுரையைத் தன்விவரத்தில் போட முடியாது, உதவித்தொகைக் குழு கட்டுரைகளை எண்ணித்தான் பார்க்கும். ஒரே புனைபெயரில் தொடர்ந்து எழுதலாம். எழுதியவர் யார் என்ற கடிதத்தை இதழாசிரியர் பூட்டி வைத்து, பின்னாளில் எழுதியவர் கேட்டால் பெயரைச் சேர்க்கலாம். இதற்கு வேண்டியது ஓர் இதழாசிரியரின் மனம், வேறொன்றுமில்லை. ஆனால் அங்கிருந்து மேற்படிப்புக்கு வர நினைப்பவர்களிடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் சேர்க்கை அலுவலகங்கள் என்ன கேட்கின்றன? மதிப்பெண் சான்றிதழை அவர்கள் பர்மாவில் படித்த பல்கலைக்கழகமே முத்திரையிட்டு அனுப்ப வேண்டுமாம். அந்தப் பதிவாளர் அலுவலகம் இன்று ராணுவ ஆட்சியின் கையில். வேலைநிறுத்தத்தில் நின்ற மாணவி அங்கே போய் வரிசையில் நின்று, நான் இன்னார், வெளிநாடு போகிறேன் என்று சொல்ல வேண்டுமாம்!

ரங்கூனில் 1910இல் தொடங்கிய பர்மா ஆய்வுக் கழகம் 1980இல் மூடியது. 1986இல் அமெரிக்காவின் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பர்மா ஆய்வு மையம் வந்தது, 1997இல் அதற்கென ஓர் ஆய்விதழ். நல்லதுதான். ஆனால் அந்த 1997இல் பர்மாவில் பல்கலைக்கழகங்கள் பூட்டிக் கிடந்தன. முந்தைய டிசம்பரில் பூட்டியதைத் திறந்தது 2000இல். ரங்கூன் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இளங்கலை மாணவர்களை மறுபடி விட்டது 2013 இறுதியில். ஏழே ஆண்டு, அதற்குள் மறுபடி டாங்கிகள். அவர்கள் நாட்டைப் பற்றிய படிப்பில் நமக்கு வேலை, பதவி, விமான டிக்கெட். அவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் திட்டுகிறீர்கள். பேசியவருக்கு நூறு டாலர் என்று பெருமையாக அறிவித்தீர்கள். வங்கி வழியாகப் போனால் வெளிச்சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்கு மாற்றிவிடுவார்கள். பணத்தில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று. அதோடு, யாருக்கு எங்கிருந்து வந்தது என்ற தடயம் வங்கியில் தங்கும். உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆள் வழியாகப் பணம் அனுப்புவது) வழியாகப் போனால் வெளிச்சந்தை விலைக்கே போய்ச் சேரும், ரசீது வராது. ரசீது இல்லாமல் கொடுக்க முடியாது என்று உங்கள் கணக்குப் பிரிவு சொல்கிறதா? அங்கே போய்ச் சண்டை போடுங்கள், என் பின்னூட்டத்தில் வேண்டாம்.